அம்பு பட்டதும் ஓடக்கூடாது
அமெரிக்காவில் வில்லால் மான் வேட்டையாடுவது பற்றிய நான் படித்த ஒரு கட்டுரை, அம்பு பட்டதும் மானைப் பின்தொடரச் சொல்கிறது. தவறு. முதலில், மானைத் துளைத்து வெளியே விழுந்த அம்பை எடுத்துப் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு மணி நேரம். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். அவசரப்பட்டால் படுத்த மான் எழுந்து ஓடிவிடும், ரத்தத் தடமும் அற்றுப்போகும். (நம்ம கோலாலம்பூர் வெக்கையில் அதற்குள் இறைச்சி கெட்டுவிடும். தவிர, இங்கே பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் இல்லாமல் மானைத் தொடவே முடியாது.)

அந்தக் கட்டுரையில் இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. 30 மீட்டரில் காம்பவுண்ட் வில்லின் (முனைகளில் கப்பி வைத்த நவீன வில்) அம்பு போய்ச்சேர ஏறக்குறைய 0.35 வினாடி ஆகும்; நாண் சத்தமோ 0.09 வினாடியில் மானின் காதில் விழும். பாய்வதற்காக அது உடம்பைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும். குறியை நெஞ்சின் கீழ்ப்பாதியில் வையுங்கள்.