வீணை உடைந்தால் வித்வானுக்குத் தெரியாதா?

உடல் வேறு, உயிர் வேறு என்று வாதிடும் நண்பர்கள் எந்த வழியாகக் கிளம்பினாலும் கடைசியில் வந்து இறங்கும் இடம் ஒன்றுதான்: வீணை. மூளை ஒரு வீணை, ஆன்மா அதை வாசிக்கும் வித்வான். தந்தி அறுந்தால் ஸ்வரம் பிசகும். அதற்காக வித்வானுக்குச் சங்கீதமே மறந்துவிட்டது என்று சொல்வீர்களா? மூளையில் அடிபட்டவனுக்குப் பேச்சு குழறுவதும் அப்படித்தானாம். கருவிதான் கெட்டது, ஆள் கெடவில்லை.

லேசான வாதம் இல்லை இது. அமெரிக்கத் தத்துவவாதியும் உளவியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் போன்ற பெரிய தலையே 1898இல் வெளியான தன் சொற்பொழிவில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். மூளைதான் எண்ணத்தை உண்டாக்குகிறது என்று ஏன் கொள்ள வேண்டும், வேறெங்கிருந்தோ வருவதை அது கடத்தி விடுகிறது என்றும் கொள்ளலாமே என்பது அவர் கேள்வி. மூளையில் இந்த இடம் கெட்டால் இந்தத் திறமை போகும் என்று எத்தனை உதாரணம் அடுக்கினாலும், 'அதுதான் சொன்னேனே, தந்தி அறுந்தது' என்று ஒரே வரியில் தப்பித்துவிடலாம்.

ஆனால் எல்லாப் பாதிப்பும் தந்தி அறுந்த மாதிரி இல்லை. அதை என் பெரியப்பாவிடம் பார்த்தேன்.

அவருக்கு மூளையின் வலப்பக்கம் ரத்த அடைப்பு வந்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேவாரம் ஒரு சொல் பிசகாமல் வரும். கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதி என்ன என்று பெரியம்மாவுக்கு ஞாபகப்படுத்துவார். ஆனால் தட்டில் நாலு இட்லி வைத்தால் வலப்பக்கம் இருக்கும் இரண்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு, 'இன்னிக்கு ரெண்டுதானா?' என்பார். பெரியம்மா ஒன்றும் பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பார். மற்ற இரண்டும் அப்போது இறங்கும். சவரம் செய்தால் வலது கன்னம் மட்டும் பளிச்சென்று இருக்கும். பார்வை மங்கல் என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். பார்வையில் குறை இல்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டரே பெரியப்பாவின் இடது கையைத் தொட்டு 'இது யார் கை?' என்று கேட்டதற்கு, பெரியப்பா கொஞ்சமும் தயங்காமல், 'என் தம்பி கை' என்றார். தம்பி, அதாவது என் அப்பா, கட்டிலின் அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். யாருக்குமே சிரிப்பு வரவில்லை.

இப்படி இடப்பக்கத்தையே கவனிக்காமல் போவதை மருத்துவர்கள் நெக்லெக்ட் என்கிறார்கள். மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களிடம் அடிக்கடி காணப்படுவதுதான். கை அசையாததற்கு வீணை வாதம் பொருந்தும். வித்வான் மீட்டுகிறார், தந்தி பேசவில்லை. சரி. ஆனால் தந்தி அறுந்தால் முதலில் தெரிவது வித்வானுக்குத்தானே? பெரியப்பாவுக்குக் கை போனது தெரியாமல் போனது மட்டுமில்லை, இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே போய்விட்டது. அவர் அதைத் தேடவும் இல்லை. தேட வேண்டும் என்று தோன்றினால்தானே தேடுவார்?

இதைத் துல்லியமாகப் பிடித்துக் காட்டிய ஒரு சோதனை உண்டு. இத்தாலியின் மிலான் நகரில் பிசியாக், லுட்சாட்டி என்ற இருவர் செய்து 1978இல் வெளியிட்டது. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட இரண்டு நோயாளிகள், மிலான்காரர்கள். ஊரின் நடுவே பெரிய தேவாலயமும் அதன் முன்னால் ஒரு சதுக்கமும் இருக்கின்றன. அவர்களுக்கு அது வாசல் திண்ணை மாதிரி பழகிய இடம். 'தேவாலயத்தைப் பார்த்தபடி சதுக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், என்னென்ன தெரிகிறது?' என்று கேட்டார்கள். வலப்பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள். இடப்பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. 'இப்போது தேவாலய வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். சற்று முன் சொல்லாமல் விட்ட கட்டடங்கள் எல்லாம் இப்போது வந்தன. முதலில் சொன்னவை காணாமல் போயின.

கண்ணுக்கு இதில் வேலையே இல்லை, முழுக்க முழுக்கக் கற்பனை. நினைவும் அழியவில்லை, இரண்டு பாதியும் உள்ளே பத்திரமாக இருந்திருக்கின்றன. மனக்கண்ணில்தான் ஒரு பாதி இல்லை. இன்னது இல்லை என்ற உறுத்தலும் இல்லை. பெரியப்பாவிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒருமுறை தோன்றியது. மனசு வரவில்லை.

இன்னும் விசித்திரமானது பச்சைத் தண்ணீர் வைத்தியம். இப்படிப்பட்டவர்களின் இடது காதில் ஜில்லென்ற தண்ணீர் விட்டால், சிலருக்குக் கொஞ்ச நேரத்துக்கு இடப்பக்கம் திரும்ப வந்துவிடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன மூளை விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன், கை விளங்காததையே ஒப்புக்கொள்ளாத ஒரு மூதாட்டியிடம் இதைச் செய்து பார்த்தார். தண்ணீர் விட்டதும் 'ஆமாம், கை வரவில்லை' என்று ஒப்புக்கொண்டார், சில நாளாகவே அப்படித்தான் என்றும் சொன்னார். விளைவு தீர்ந்த பிறகு பழையபடி மறுத்தார். அப்படியானால் உண்மை அவருக்குள் எங்கோ பதிவாகிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அதை அவர் அறிய முடியாமல் தடுத்தது மூளையின் நிலை, திறந்துவிட்டது காதுக்குள் விட்ட தண்ணீர். வித்வானின் சங்கீத ஞானமே குளிர்ந்த நீரில் வந்து போகிறது என்றால், அவரை வீணைக்கு வெளியே எங்கே உட்கார வைப்பது?

உடலும் ஆன்மாவும் வெவ்வேறு என்று வாதிட்ட பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்து காலத்திலேயே இந்த இடத்தில் முட்டியாகிவிட்டது. 1643இல் பொஹீமியா இளவரசி எலிசபெத், அப்போது 24 வயது, அவருக்குக் கடிதம் எழுதி நேராகக் கேட்டார்: இடத்தையே அடைக்காத ஆன்மா, இடத்தை அடைக்கும் உடம்பை எப்படித் தள்ளும்? அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். இளவரசி மசியவில்லை. ஆன்மாவும் ஒரு வகைச் சடப்பொருள் என்று ஒத்துக்கொள்வதுகூட எனக்கு இதைவிட எளிது என்று பதில் எழுதினார். அந்தக் கடிதங்களில் யார் தத்துவ மேதை என்று கேட்டால் நான் இளவரசி பக்கம்தான் கை காட்டுவேன்.

மூளையை விட்டால் மனம் இல்லை என்ற என் கட்சியிலும் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. மூளைக்குள் எந்த அணு எங்கே ஓடுகிறது என்று முழுக்கச் சொன்னாலும், பல்வலி ஏன் வலியாக இருக்கிறது என்பதற்கு அதில் பதில் வருவதில்லை. 1998இல் மூளை விஞ்ஞானி கிறிஸ்டாஃப் காக், தத்துவப் பேராசிரியர் டேவிட் சால்மர்ஸுடன் ஒரு பந்தயம் கட்டினார். 25 ஆண்டுகளுக்குள் உணர்வுக்கான தெளிவான தடயம் மூளையில் கிடைத்துவிடும் என்று. 2023இல் நியூயார்க்கில் மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். தோற்றதும் பெரிய கேள்வியில் இல்லை. உணர்வு 'ஏன்' இருக்கிறது என்பது அல்ல பந்தயம், 'எங்கே' என்பதுதான். அதனால் 'எல்லாம் ரசாயனம் சார், முடிஞ்சுது' என்று எழுதும் நாத்திகத் தோழர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் பூதவாதி இவர்களைவிடத் தெளிவாகப் பேசுகிறான். ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் சேர்ந்தால் கள்ளில் களிப்புப் பிறக்கிறதல்லவா, அப்படி நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்கிறான். மணிமேகலை அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அனுமானத்தை, அதாவது ஊகித்து அறிவதை, ஒப்புக்கொள்ளாவிட்டால் உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். அருமையான மடக்கு. ஆனால் அந்தக் கள் உவமைக்கு அவள் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

வீணையைவிட நல்ல பதில் நம் ஊர்ச் சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்ததும் பெரியப்பாதான், கோயில் வகுப்புக்குத் தவறாமல் போனவர். ஆன்மாவுக்கும் சடத்துக்கும் நடுவே போடும் எல்லைக்கோட்டைச் சித்தாந்தம் வேறு இடத்தில் போடுகிறது. தெக்கார்த்து மனத்தை ஆன்மா பக்கம் வைத்தார். சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டாரோ மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கையும் மாயையின் காரியம், அதாவது சடம் என்று இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார். ஆன்மா அவற்றில் ஒன்று அன்று, ஆனால் அவை இல்லாமல் அதற்கு ஒன்றும் தெரியாது, ஆணவம் என்ற பிறவி அழுக்கின் இருளில் கிடக்கும் என்கிறது சிவஞானபோதத்தின் நான்காம் நூற்பா. அமைச்சர்களோடு கூடிய அரசன் போல என்று உவமையும் சொல்கிறது. பெரியப்பாவின் நிலைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். எல்லைப்புறம் பறிபோன சேதியை அமைச்சர் சொல்லவில்லை, அரசனுக்குத் தெரியவில்லை. இடது கையைத் தம்பி கை என்று சொல்லும் அரசனையும் இதற்குள் அடக்கிவிடலாம்.

இந்த அளவுக்கு நானும் ஒத்துப்போவேன். சிக்கல் அதற்கு அடுத்த படியில். உயிர் உடலை விட்டுப் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை, சூக்கும உடல் கூடப் போகிறது என்பது சித்தாந்தம். புரியட்டகம் என்பார்கள்: ஒலி, ஒளி போன்ற புலன்களின் நுண்வடிவமான தன்மாத்திரைகள் ஐந்து, அவற்றோடு மனம், புத்தி, அகங்காரம். அடுத்த பிறவிக்குப் போவதற்கு அது தேவை.

சித்தாந்தம் முறையாகப் படித்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், உங்களிடம்தான் கேட்கிறேன். அந்த மனமும் புத்தியும் சூக்கும உடலில் இருப்பதால் சிதை நெருப்பிலும் வேகாமல் தப்பிப் போகின்றன என்றால், சுண்டைக்காய் அளவு ரத்தக்கட்டி அவற்றில் பாதியை எப்படி அழித்தது? அழிக்கவில்லை, தூல உடலோடு தொடர்புதான் அறுந்தது என்றால், மனம் முழுசாக இருந்தும் அரசனுக்கு ஏன் சேதி போகவில்லை?