நானும் கைதட்டினேன்

போன மாதம் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் சடங்கு முடிந்த இரவு. பேச வந்தவர் குரலை உயர்த்தி, "உலகின் முதல் மனிதன் தமிழன். அவன் பிறந்த கண்டத்தைக் கடல் கொண்டுவிட்டது" என்றார். பந்தல் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். வீடு திரும்பும் வழியில் அக்கா கேட்டார்: "விஞ்ஞானம் படிப்பித்தவன்தானே நீ. அவர் சொன்னது உண்மையா?" இல்லை என்றேன். "பிறகு எதற்குத் தம்பி கைதட்டினாய்?"

அந்தக் கேள்வி இன்னும் குடைகிறது.

முதலில் அந்தக் கண்டத்தைப் பார்ப்போம். லெமூரியா என்ற பெயரை 1864இல் வைத்தவர் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். லெமூர் என்ற விலங்கினம் மடகஸ்காரில் நிறைந்திருக்கிறது, அதன் உறவினங்கள் இந்தியப் பக்கமும் இருக்கின்றன. நடுவில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். மனிதனைப் பற்றி அவர் பேசவில்லை, தமிழனைப் பற்றிப் பேசவேயில்லை. கண்டங்களே நகர்கின்றன என்று பின்னர் தெரிந்ததும் விஞ்ஞானம் அந்த ஊகத்தைக் கைவிட்டது. நாம் மட்டும் விடவில்லை.

ஆனால் "கடல் கொண்டது" என்ற சொல் நம் பக்கத்தில் சும்மா போகாது. 2004 மார்கழியில் சுனாமி அடித்த நம் மட்டக்களப்பு நாவலடியைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. உண்மையில் கடல் எடுத்துக்கொண்ட நிலமும் உண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீர் பெருமளவு பனிப்பாளங்களில் உறைந்து கிடந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு விடச் சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது. படகில்லாமல் நடந்தே இந்த இலங்கைத் தீவுக்கு வரலாம். பனி உருக உருகக் கடல் ஏறியது. அது விழுங்கியது கண்டத்தையல்ல, கரையை. ஆதி மனிதர் கரையோரமாக வந்திருந்தால், அவர்களுடைய அடுப்புச் சாம்பலும் சிப்பிக் குவியலும் இன்று தண்ணீருக்கடியில்தான்.

மனிதனின் தொடக்கம் ஆபிரிக்காவில். மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூட்டில் கிடைத்த எலும்புகளுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டு வயது. எதியோப்பியாவின் ஓமோவில் கிடைத்தவை 2 இலட்சம் ஆண்டுகளைத் தாண்டியவை. இரண்டுக்கும் இடையே பாதிக் கண்டம் கிடக்கிறது. ஆகவே ஆபிரிக்காவுக்குள்ளேயும் ஓர் ஊரைக் காட்டி இதுதான் தொட்டில் என்று சொல்ல முடியாது. அங்கிருந்து பலமுறை வெளியேறிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் 60,000, 70,000 ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய கூட்டத்தின் பிள்ளைகள்தான் ஆபிரிக்காவுக்கு வெளியே உள்ள நாமெல்லாம். வழியில், பின்னர் அழிந்துபோன இன்னொரு மனித இனமான நியண்டர்தால் மனிதரோடும் கலந்தார்கள். நம் மரபணுவில் 2 வீதம் வரை அவர்களுடையது. இதைக் கண்டுபிடித்த சுவாந்தே பாபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. தூய இரத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த 2 வீதத்தை எங்கே வைப்பார்கள் என்று அறிய எனக்கு ஆசையாக இருக்கிறது.

யாரும் உலகைச் சுற்றப் புறப்பட்டு நடக்கவில்லை. ஒரு தலைமுறை மட்டக்களப்பிலிருந்து பக்கத்து ஊரான ஏறாவூர் வரையிலான பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தூரம் நகர்ந்தாலே போதும். 20,000 ஆண்டுகளில் 10,000 கிலோமீற்றர். பேரன் ஏறாவூரில் குடியிருப்பதை யாராவது பெரும்பயணம் என்பார்களா? அவுஸ்திரேலியாதான் வேறு கதை. கடல் எவ்வளவு இறங்கியபோதும் அந்த நிலம் ஆசியாவோடு ஒட்டவில்லை. எதையோ கட்டி மிதக்கவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

என்னைக் கவர்வது பாஹியங்கல குகைதான். களுத்துறை மாவட்டத்தில், மழைக்காட்டுக்குள் இருக்கிறது. சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் குரங்கையும் மரஅணிலையும் வேட்டையாடித் தின்றார்கள். மர உச்சியில் தாவுகிறதைப் பிடிக்க வெறும் ஈட்டி போதாது. குரங்கு எலும்பையே தீட்டி அம்புமுனை செய்திருக்கிறார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்கு மிகப் பழைய சான்றுகளில் அதுவும் ஒன்று. கடற்சிப்பி மணிகளும் அங்கே கிடைத்தன. காட்டுக்குள் இருந்தவனுக்குக் கரையோடு உறவு இருந்திருக்கிறது. நான் படிப்பித்த இருபத்தேழு வருடத்தில் ஒரு வகுப்பிலாவது இதைச் சொன்னேனா? இல்லை.

அந்தக் குகை மனிதர் எந்த மொழி பேசினார்கள் என்று எலும்பு சொல்லாது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இரண்டுமே அவர்களுக்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னால் வந்தவை. இலங்கையின் பழங்குடிகளான வேடர்களை அந்தக் குகை மனிதரின் வழிவந்தவர்களாக ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்த வேடர்கள் எங்கோ மகியங்கனைக் காட்டில் மட்டும் இல்லை. நம் மாவட்டத்திலேயே, வாகரைப் பக்கம், பனிச்சங்கேணி வாவிக்கரையில் தமிழ் பேசி மீன்பிடித்து வாழ்கிறார்கள். முதல் மனிதனுக்காக அன்று பந்தலே கைதட்டியது. முன்வரிசைக் கதிரைகளில் கல்விமான்களும் வியாபாரிகளும் இருந்தார்கள். வேடர்களில் ஒருவரும் இல்லை.

வரும் வருடச் சடங்குக்கு வாகரையிலிருந்து ஒரு வேடர் பெரியவரை மேடைக்கு அழைக்கலாமே என்று கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம் நேற்றுக் கேட்டேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "பார்ப்போம்" என்றார்.