சாவியை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

போன வருடம் நான்கு பேர் சேர்ந்து ஒரு நீண்ட கார் பயணம் போய் வந்தோம். திரும்பி வந்ததும் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார், "நடுவுல ஒரு பெரிய ஊர்ல தங்கினீங்களே, ராத்திரி அங்க சாப்பாடு, கடைத்தெரு எல்லாம் பிரமாதமா இருக்குமாமே?"

யோசித்துப் பார்த்தேன். அந்த ஊரைப் பற்றி எனக்கு ஞாபகம் இருந்தது லாட்ஜின் பார்க்கிங் மட்டும்தான். இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டியை நுழைக்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் இரவு பத்தரை. பக்கத்தில் திறந்திருந்த ஒரே ஓட்டலில் பாதி விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இருப்பதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டோம். இதற்குப் பெயர் அந்த ஊருக்குப் போய் வந்தது!

அன்றிலிருந்து ஒரு முடிவு. ஒரு நகரத்தின் இரவையும் சாப்பாட்டையும் ரசிக்க வேண்டும் என்றால் அங்கே இரண்டு ராத்திரி தங்க வேண்டும். ஒரு ராத்திரி மட்டும்தான் முடியும் என்றால் அந்த ஊரை வெறும் தூங்கும் இடமாக ஒப்புக்கொண்டு, புறவழிச்சாலை ஓரமாகவே அறை எடுத்துக்கொள்வது நல்லது. நடுவில் நிற்கும் திட்டம்தான் ஆளைக் கொல்கிறது.

ஏன் இரண்டு? முதல் ராத்திரி எப்படியும் வண்டிக்குத்தான் போகும். எட்டு மணி நேரம் ஓட்டி வந்தவனுக்குக் காதில் இன்னும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அவனை உட்காரவைத்து உலகத்திலேயே நல்ல சாப்பாட்டைப் பரிமாறினாலும், அவன் கண் தட்டில் இருக்காது, கடிகாரத்தில் இருக்கும். இரண்டாவது ராத்திரி அப்படியில்லை. பகல் முழுக்க வண்டி அசையவில்லை, மதியம் ஒரு தூக்கம் போட்டாயிற்று, மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பினால் போதும். அந்த மனநிலையில் தெருவில் இறங்கும்போதுதான் பசி என்பதே நிஜமாக வருகிறது.

காருக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு பழையது. உயர்தர உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷெலின் கையேட்டை ஆரம்பித்தது ஒரு டயர் கம்பெனி. 1900இல் பிரான்சில் மூவாயிரம் கார்கள்கூட இல்லாத காலத்தில், அண்ணன் தம்பி இருவர் அதை முப்பத்தைந்தாயிரம் பிரதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஜனங்கள் நிறைய ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் புதிது வாங்குவார்கள் என்பது கணக்கு. நட்சத்திரங்கள் வந்தது 1926இல். இரண்டு நட்சத்திரம் என்றால் சாலையை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடத் தகுந்த இடம், மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் போகலாம். வழியில் போகிறபோது எட்டிப் பார்ப்பதும் அதற்காகவே போவதும் வேறு வேறு என்று டயர் விற்றவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நம் வாட்ஸப் குழுவில் திட்டம் போடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

சரி, எங்கே சாப்பிடுவது? ரேட்டிங் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் பார்ப்பேன். ஆனால் சாலையில் நின்றபடி நான்கு பேரும் நான்கு போனில் தேடிக்கொண்டு, "இதுக்கு நாலு புள்ளி ரெண்டு, அதுக்கு நாலு புள்ளி நாலு" என்று முக்கால் மணி நேரம் பேசுவது இருக்கிறதே, அது ஒரு வியாதி. எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: கூட்டம் நகர்கிறதா? சமைத்த உணவு ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமிகள் மளமளவென்று பெருகும். அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிற கடையில் அதற்கு நேரமே கிடைக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு அழகாக அடுக்கி வைத்திருக்கிற கடையைவிட, முன்னால் எட்டுப் பேர் பொறுமையிழந்து நிற்கிற கடை மேல்.

இன்னொன்று, ஒரே இடத்தில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஒரு கடையில் ஒரு தட்டு, நான்கு கை. அப்புறம் பத்து நிமிடம் நடை. அடுத்த கடை. இப்படிப் போனால் மூன்று மணி நேரம் தாராளமாக ஓடும். வண்டியில் இருந்து பார்த்தால் ஒரு சந்து வெறும் இருட்டு. நடந்து போனால்தான் உள்ளே ஓர் அடுப்பு எரிவது தெரியும்.

அப்படித்தான் வேறொரு பயணத்தில், வேறொரு ஊரில், நள்ளிரவு தாண்டி ஒரு தள்ளுவண்டியைக் கண்டுபிடித்தோம். ஒரே ஒரு பல்பு. அதைச் சுற்றிப் பூச்சி. கடைக்காரர் இரும்புக் கல்லில் தண்ணீரை வீசுவார், சுர்ரென்று ஆவி எழும்பும், அந்தப் புகை அடங்குவதற்குள் தகட்டுக் கரண்டியால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே இழுப்பு. கருகல் எல்லாம் ஓரத்துக்கு வந்துவிடும். யார் என்ன கேட்டார்கள் என்று அவர் எழுதவில்லை, திரும்பக் கேட்கவும் இல்லை. எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் இரண்டு டாக்ஸி ஓட்டுநர்கள், ஷிப்ட் முடிந்து அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்த ஒரு நர்ஸ், கையில் பெயின்ட் காயாத ஒரு பையன். யாரும் கொண்டாட வந்தவர்கள் இல்லை, வேலை முடித்துச் சாப்பிட வந்தவர்கள். இரவு வாழ்க்கை என்றதும் இசையும் வண்ண விளக்கும்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அந்த இடங்களுக்கும் நாங்கள் போனோம், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அங்கே தெரியவில்லை. இந்த வண்டியின் முன்னால் தெரிந்தது.

குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் உபதேசிக்கப் போவதில்லை, கணக்கு மட்டும் சொல்கிறேன். உடம்பு ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு சிறிய அளவு மதுவைத்தான் வெளியேற்றும். கறுப்புக் காபியும் பச்சைத் தண்ணீர்க் குளியலும் அதை வேகப்படுத்தாது. இரவு இரண்டு மணி வரை நிறையக் குடித்தவர் காலை ஏழு மணிக்குத் தூங்கி எழுந்துவிட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தால், அவர் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். குடிக்காதவரும் தப்பிக்க முடியாது. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், பல நாடுகளில் வாகனம் ஓட்ட அனுமதிக்கிற உச்ச அளவான 0.05 சதவீத மது ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்று 1997இலேயே ஓர் ஆய்வு காட்டியது. காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொரு மணிக்கே அந்த நிலை வந்துவிடும். எங்கள் குழுவில் குடிக்காதவன் நான். அதனாலேயே, "உனக்கென்னடா, நீ ஃப்ரெஷ்ஷாத்தானே இருக்கே" என்று பல வருடம் என் தலையில் வண்டியைக் கட்டினார்கள். நானும் அவர்கள் கூடவே விழித்துத்தான் இருந்தேன் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஆகவே சாவி அறையிலேயே இருக்கட்டும். நடக்க முடியாத தூரம் என்றால் வாடகைக் கார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதை எல்லாம் எழுதிவிட்டு என் தங்கையிடம் காட்டினேன். "நடுராத்திரி சந்துக்குள்ள நடந்து போனால்தான் ஊர் தெரியும்னு உன்னால சுலபமா எழுத முடியுது அண்ணா. நாங்க முதல்ல அந்தச் சந்துல விளக்கு இருக்கான்னு பார்ப்போம், அப்புறம்தான் அடுப்பு" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. அவளும் தோழிகளும் பயணம் போனால் கடைத்தெருவுக்கு நடக்கிற தூரத்திலேயே அறை எடுப்பார்களாம், வாடகை கொஞ்சம் கூடினாலும். பகலிலேயே ஒருமுறை அந்த வழியை நடந்து பார்த்துவிடுவார்களாம். இதற்கும் இரண்டு ராத்திரி தேவைப்படுகிறது, கவனியுங்கள். என்னுடையது சொகுசுக்கு, அவளுடையது பாதுகாப்புக்கு.

இப்போது அடுத்த பயணத்துக்கான திட்டம் குழுவில் வந்திருக்கிறது. ஏழு நாள், ஏழு ஊர். ஒவ்வொரு ஊருக்கு நேராகவும் "இரவு உணவு, நகர உலா" என்று வேறு எழுதியிருக்கிறார்கள். நேற்று நான் மூன்று ஊரை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். திட்டம் போட்ட நண்பன் இன்னும் பதில் போடவில்லை. பார்த்துவிட்டான், இரண்டு நீல டிக் தெரிகிறது.