தூது போனவர் போராளி இல்லையா?
இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியை ஆக்கிரமித்த ஜெர்மானியரை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் இருந்தவர் டினா அன்செல்மி. அவர் சைக்கிளில் கடிதம் கொண்டுபோனவர்தான், அவரைப் போராளி என்பது கொஞ்சம் மிகை என்று அவரைப் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிவிட்டார். துப்பாக்கி வைத்திருந்தவர் மலையில் மறைந்துகொள்ளலாம்; தூது போகும் பெண் பட்டப்பகலில் ஜெர்மானியர் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். பிடிபட்டால் சித்திரவதை, அப்புறம் சாவு. 1944 செப்டம்பரில் வட இத்தாலியின் பஸ்ஸானோ தெல் கிராப்பா ஊரில் பிடிபட்ட 31 பேரை வீதியோர மரங்களில் தூக்கிலிட்டார்கள். பள்ளி மாணவர்களை வரிசையாகக் கூட்டிவந்து அதைப் பார்க்க வைத்தார்கள். அந்த மாணவர்களில் ஒருவர் 17 வயது அன்செல்மி. மாட்டினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் 'கப்ரியெல்லா' என்ற புனைபெயரோடு இயக்கத்தில் சேர்ந்தார். இதைவிடவா துணிச்சல் வேண்டும்? கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், 1976இல் இத்தாலியின் முதல் பெண் அமைச்சரானது கட்சி கொடுத்த அலங்காரப் பதவி என்கிறார். சரி, அப்படியே இருக்கட்டும். ஆண், பெண் இருவருக்கும் வேலையில் சம உரிமை தரும் 1977ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் துறை அமைச்சராக அவர் கொண்டுவந்தது. அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் ரகசிய உறுப்பினர்களாக இருந்த பி2 என்ற குழுவை விசாரித்த நாடாளுமன்ற ஆணையத்துக்கும் அவர்தான் தலைவர். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களின் பெயரும் இருந்த உறுப்பினர் பட்டியல் அந்தக் குழுவுடையது!