சாக்வான திட்டி என்ன பிரயோஜனம், லைனப் பாருங்கப்பா

நியூயார்க் ஜயன்ட்ஸ் டீம விட்டு எதிரி டீம் பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போன, பந்தத் தூக்கிட்டு ஓடுற ஆட்டக்காரர் சாக்வான் பார்க்லிய இன்னும் "காசுக்கு ஓடிப்போன துரோகி"ன்னு திட்டிட்டிருக்கிற ஜயன்ட்ஸ் ரசிகர்களுக்குத்தான் இந்தப் பதிவு. (மெஸ்ஸி ஆடுற ஃபுட்பால் இல்லைங்க, அமெரிக்காக்காரன் கையில தூக்கிட்டு ஓடுறானே அது.)

2018 டிராஃப்ட்ல (காலேஜ் பசங்கள டீமெல்லாம் வரிசையாத் தேர்ந்தெடுக்கிறது) ஜயன்ட்ஸ் இவர ரெண்டாவது ஆளா எடுத்தாங்க, முதல் சீசனே கலக்கினாரு, 2020ல முட்டி போச்சு, திரும்ப எழுந்து வந்தாரு, 2023ல நீண்ட கான்ட்ராக்ட் கேட்டா ஃப்ரான்சைஸ் டேக்குங்கிற லீக் விதியப் போட்டு ஒரு வருஷத்துக்குக் கட்டிப்போட்டாங்க, 2024 மார்ச்ல அந்த டேக்கும் இல்ல, வெளிய போய் விலை கேட்டுப் பாருன்னு விட்டுட்டாங்க. ஈகிள்ஸ் மூணு வருஷத்துக்கு 3.775 கோடி டாலர் கொடுத்துத் தூக்கிட்டான். இதுல துரோகம் எங்கய்யா வந்துச்சு? சாக்வான் பிலடெல்பியாவுக்குப் போனா எனக்குத் தூக்கமே வராதுன்னு ஜயன்ட்ஸ் ஓனர் ஜான் மாரா புலம்பினது டிவி கேமராவுலயே இருக்கு. தெரிஞ்சே விட்டுட்டு அப்புறம் என்ன புலம்பல்!

சரி, போன இடத்துல முதல் சீசன்லயே 2,005 யார்டு ஓடினாரு, சூப்பர் பவுல் (லீக்கோட ஃபைனல்) ஜெயிச்சது வேற. உடனே இந்தப் பக்கம் ஒரு கூட்டம் "ஜயன்ட்ஸ் தங்கத்தத் தூக்கிப் போட்டுட்டான்"னு கிளம்பிட்டாங்க. அதுவும் பாதிதான் உண்மை. 2023ல ஜயன்ட்ஸ்ல ஒரு ஓட்டத்துக்கு சராசரி 3.9 யார்டு, அடுத்த வருஷம் ஈகிள்ஸ்ல 5.8. அதே ஆளு, அதே காலு. முன்னாடி லைன்ல நின்னு எதிராளியத் தள்ளி வழி திறந்துவிடுற மைலாட்டா, லேன் ஜான்சன் மாதிரி மலைங்கதான் புதுசு.

நம்பலன்னா அவருக்கு முன்னாடி அதே இடத்துல ஓடினவங்களப் பாருங்க. மைல்ஸ் சாண்டர்ஸ் 2022ல ஈகிள்ஸ்ல 1,269 யார்டு எடுத்துட்டு நல்ல காசுக்கு பாந்தர்ஸ் போனாரு, அங்க 432 யார்டோட படுத்துட்டாரு. அடுத்து வந்த ஸ்விஃப்ட் 4.6 சராசரியில ஓடிட்டு 2024ல சிகாகோ பேர்ஸுக்குப் போனாரு, 3.8 ஆயிடுச்சு, அதாவது சாக்வான் ஜயன்ட்ஸ்ல பட்ட பாடு இவரு சிகாகோல பட்டாரு. ரெண்டு பேரும் திடீர்னு ஓட மறந்துட்டாங்களா என்ன?

மெக்காய் பெக்டன் கதை இன்னும் சூப்பர். ஜெட்ஸ் டீம் டிராஃப்ட் முதல் ரவுண்டுல எடுத்து வேஸ்ட்டுன்னு பேரு வாங்கின ஆளு, ஈகிள்ஸ்ல ஒரு வருஷக் கான்ட்ராக்ட்ல வந்தாரு, லைனோட ஓரத்துல டேக்கிளா இருந்தவர உள்பக்கம் கார்டு ஆக்கினாங்க, சாக்வானுக்கு வழி திறந்ததுல அவரும் ஒருத்தர். செயின்ட்ஸ் டீம்ல ஓரமா கெடந்த டிஃபன்ஸ் ஆளு ஸாக் பானையும் இப்படித்தான் இடம் மாத்தி நிறுத்தினாங்க, அந்த வருஷமே ஆல்-ப்ரோ (சீசனோட சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்), அடுத்து 5.1 கோடி டாலர் கான்ட்ராக்ட். ஆள வாங்குறது பெருசில்ல, எங்க நிறுத்தணும்னு தெரியணும்.

அதனால சாக்வானுக்கு அவ்வளவு காசு கொடுக்க ஜயன்ட்ஸ் தயங்கினதுல எனக்குக் கோபமே இல்ல. அவருக்கப்புறம் அஞ்சாவது ரவுண்டுல எடுத்த சின்னப் பையன் டைரோன் ட்ரேசி அதே ஓட்டை டீம்ல 839 யார்டு ஓடினான், சராசரி 4.4. டீம் என்னவோ 17 மேட்ச்ல மூணுதான் ஜெயிச்சுது, அது வேற விஷயம்.

என் வயித்தெரிச்சல் வேற. சாக்வானுக்கு டேக் போட்ட அதே 2023 மார்ச்லதான் பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துற க்வார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு நாலு வருஷத்துக்கு 16 கோடி டாலர்னு கையெழுத்துப் போட்டாங்க, அடுத்த வருஷம் நவம்பர்ல அவரையும் வெட்டிவிட்டாங்க. திட்டணும்னா அந்தக் கணக்கத் திட்டுங்க. ஆனா ஜோன்ஸத் திட்டாதீங்க, அவரு கோல்ட்ஸுக்குப் போய் 2025 சீசன்ல முதல் எட்டு மேட்ச்ல ஏழு ஜெயிச்சிட்டாரு.