குடை என்று சொன்ன பிள்ளைக்குப் பூஜ்யம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, பையனுக்கு மூணு வயசாகப் போகுது, இன்னும் சரியா பேசல. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல டெஸ்ட் பண்ணிக்கலாம்னு டாக்டர் சொல்றார். பண்ணினா ரெக்கார்டுல ஏறிடுமோ, நாளைக்கு விசாவுக்கு ஏதாவது ஆகுமோன்னு இவர் பயப்படுறார்." ஆறு வருடத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே கேள்வி. அவளிடம் நின்றபடியே அரைமணி நேரம் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சஸில், டல்லாஸ் பக்கம். என் மகனுக்கு ஆட்டிசம். இப்போது ஒன்பது வயது. "இவன் அப்பனும் நாலு வயசுலதான் வாய் திறந்தான்" என்று என் மாமியார் சொன்னதை நம்பி ஒரு வருடம் காத்திருந்தவள் நான். அவர் பொய் சொல்லவில்லை. பேரன் மேல் உள்ள பாசத்தில் சொன்னது. ஆனால் போன அந்த ஒரு வருடம் போனதுதான்.

மூன்று வயதை ஒட்டி எங்கள் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், அவனை மதிப்பீடு செய்தது. சின்ன அறை, சின்னச் சின்ன நாற்காலிகள். குறுக்கே பேசக் கூடாது, எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லி என்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். மதிப்பீடு செய்தவர் படப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, இது என்ன, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு குடை. என் பிள்ளை அதன்மேல் விரலை வைத்து "குடை" என்றான். அத்தனை தெளிவாக. அவர் இரண்டு நொடி காத்திருந்தார், தாளில் என்னவோ குறித்தார், பக்கத்தைத் திருப்பிவிட்டார். அடுத்தது பூனை. "பூனை" என்றான். மறுபடியும் பக்கம் திரும்பியது. நாலைந்து படம் இப்படிப் போனதும் அவன் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டான். மேசைக்கு அடியில் இறங்கி உட்கார்ந்துகொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் அந்தச் சிவப்புக் குடைதான் கண்ணில் வருகிறது.

அறிக்கையில் அவன் சொல்லும் வார்த்தைகள் பதினொன்று என்று இருந்தது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் நான் எழுதி ஒட்டியிருந்த தாளில் 64 இருந்தன.

அவனுக்கு ஆட்டிசம் இருப்பதை நான் மறுக்கவில்லை. இருக்கிறது. ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதே தப்பாக அளக்கப்பட்டால் அதன் மேல் போடுகிற திட்டம் முழுவதும் தப்பாகத்தானே போகும்? அதைவிடப் பெரிய இடி அப்புறம் வந்தது. "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இரண்டு மொழி அவனைக் குழப்பும்" என்றார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும் என்று தமிழை நிறுத்திவிட்டோம். எட்டு மாதம். தாலாட்டுகூட இல்லை. தஞ்சாவூரிலிருந்து என் அம்மா வீடியோவில் கூப்பிட்டால் அவன் திரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். "ஏன்டி, எம் பேரன் எங்கிட்ட பேசவே மாட்டேங்குறான்?" என்று அம்மா கேட்டபோது என்ன சொல்வது என்று தெரியவில்லை. வேறு இடத்தில் பார்த்த ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்தான், முதலில் தமிழில் பேசுங்கள் என்று அடித்துச் சொன்னார். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசம் பிள்ளைகளையும் ஒரே மொழி கேட்டு வளரும் ஆட்டிசம் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் எத்தனையோ வந்துவிட்டன. இரண்டாவது மொழியால் பேச்சு தாமதமாகிறது என்று அவை காட்டவில்லை. ஆனாலும் அந்தப் பழைய அறிவுரை இன்னும் பலர் வாயில் வந்துகொண்டேதான் இருக்கிறது. யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது என்னவென்றால், சட்டம் என் பக்கம் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. ஊனமுற்ற பிள்ளைகளின் கல்விக்கான, ஐடியா என்று சுருக்கமாகச் சொல்லும் ஃபெடரல் சட்டத்தில், முடிகிற வரைக்கும் பிள்ளையின் சொந்த மொழியில், அவனுக்கு வருகிற விதத்தில் மதிப்பீடு செய்ய வேண்டும் என்றே இருக்கிறது. பெற்றோருக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் மீட்டிங்கில் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதும் பள்ளியின் கடமை. இங்கேயே படித்து, இங்கேயே வேலை பார்ப்பவர்கள்கூடக் கேட்கக் கூச்சப்படுகிறோம். கேளுங்கள்.

இந்தச் சட்டம் யாரோ மனமிரங்கிப் போட்ட பிச்சை இல்லை. 1975 வரை இந்த நாட்டில் பத்து லட்சம் ஊனமுற்ற பிள்ளைகள் பள்ளிக்கு வெளியேதான் இருந்தார்கள். அந்த வருடம் முதலில் வந்த சட்டத்தின் முகப்பிலேயே அது எழுதியிருந்தது. பின்னாளில் ஊனமுற்றோர் உரிமைக்குப் போராடிய ஜூடி ஹ்யூமன் ஐந்து வயதில் சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போனபோது, நீ வந்தால் தீ விபத்தில் இடைஞ்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதே ஜூடிதான் 1977இல் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கட்டடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்து, அரசுப் பணம் பெறும் இடங்களில் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிற 504ஆம் சட்டப் பிரிவுக்கான விதிகளில் கையெழுத்து வாங்கினார். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு கிடைக்கும் 504 திட்டம் என்பது அதுதான்.

டெக்சஸ் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இருக்கும் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. 2004இலிருந்து மாநிலக் கல்வித் துறை, சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளைகளின் பங்கு 8.5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த டிஸ்ட்ரிக்டுக்கு மதிப்பெண் குறைகிற மாதிரி ஒரு அளவுகோல் வைத்திருந்தது. நாடு முழுக்கச் சராசரி அப்போது 13 சதவீதம். பிள்ளைகளுக்கு ஆட்டிசமும் டிஸ்லெக்சியாவும் 8.5 பார்த்தா வரும்? ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை 2016இல் தோண்டி எடுத்து எழுதும்வரை பன்னிரண்டு வருடம் இது ஓடியது. 2017இல் சட்டமன்றம் இப்படி வரம்பு வைப்பதையே தடை செய்தது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறையும் டெக்சஸ் சட்டத்தை மீறியிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. இடையில் எத்தனை அம்மாக்களிடம் "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்!

ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. என் மகனை ஷூ லேஸ் கட்ட வைத்தவர் அவனுடைய சிறப்பாசிரியர். நான்கு மாதம், தினமும் மதியம் பத்து நிமிஷம். அவரைத் தெய்வமாக நினைக்கிறேன். பிரச்சினை பெரும்பாலும் பணத்தில் இருக்கிறது. கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975இலேயே சட்டத்தில் எழுதிய ஃபெடரல் அரசு, அந்த 40ஐ ஒருமுறைகூடத் தொட்டதில்லை. இப்போதெல்லாம் அதில் பாதிகூட வருவதில்லை. மீதியை மாநிலமும் டிஸ்ட்ரிக்டும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே கேட்காத வீட்டுக்குக் குறைவாகத்தான் போய்ச் சேரும். கேட்காத வீடுகளில் முதல் வரிசையில் நாம் இருக்கிறோம்.

மாதா பிதா குரு தெய்வம் என்று வளர்ந்தவர்கள் நாம். டீச்சர் எதிரில் உட்கார்ந்தால் நமக்குத் தானாகக் குரல் இறங்கிவிடும். பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்தை, அதாவது ஐஇபியை, முடிவு செய்யும் கூட்டத்தை டெக்சஸில் ஏஆர்டி என்கிறார்கள், மற்ற மாநிலங்களில் ஐஇபி மீட்டிங். என்னுடைய முதல் மீட்டிங்கில் மேசையைச் சுற்றி எட்டுப் பேர், கையில் முப்பது பக்கம், நாற்பது நிமிஷம். ஐந்து தடவை தேங்க் யூ சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்தேன். விருந்தாளி மாதிரி. ஆனால் சட்டப்படி அந்தக் குழுவில் பெற்றோரும் உறுப்பினர்.

அதனால் சொல்கிறேன், எதைக் கேட்டாலும் எழுதிக் கேளுங்கள். வாசலில் டீச்சரிடம் பேசியதற்கு நாள் கணக்கு ஓடாது. மதிப்பீடு வேண்டும் என்று மின்னஞ்சல் போட்டால் டெக்சஸில் 15 பள்ளி நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் அதையும் காரணத்தோடு எழுதித்தான் தர வேண்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 45 பள்ளி நாட்களுக்குள் அறிக்கை. அந்த அறிக்கையை மீட்டிங்குக்கு முன்பே கேட்டு வாங்கி வீட்டில் நிதானமாகப் படியுங்கள். மீட்டிங்கில் ஒத்துவரவில்லை என்றால் அன்றைக்கே சரி என்று சொல்ல வேண்டியதில்லை, பத்துப் பள்ளி நாட்களுக்குள் மறுபடி கூட்டச் சொல்லலாம். மதிப்பீடே தப்பு என்று தோன்றினால் வெளியாள் ஒருவர் செய்யும் மதிப்பீட்டை டிஸ்ட்ரிக்ட் செலவில் கேட்கலாம். ஒன்று அவர்கள் பணம் கட்ட வேண்டும், இல்லை தங்கள் மதிப்பீடு சரிதான் என்று விசாரணைக்குப் போய் நிரூபிக்க வேண்டும். நான் கேட்டேன். கை நடுங்கத்தான் அந்த மின்னஞ்சலை அனுப்பினேன்.

"மார்க் நல்லா வருதே, எதுக்கு ஐஇபி?" என்று சொல்லி அனுப்பப்பட்ட நம் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. கணக்கில் நூறு வாங்கிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து அழும் பிள்ளைகள். வகுப்புக்கு வகுப்பு தேறிப் போகிறான் என்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது. இதுவும் விதியிலேயே இருக்கிறது.

அப்புறம் இலக்குகளைப் பாருங்கள். என் மகனின் ஒன்றாம் வகுப்பு ஐஇபியையும் இரண்டாம் வகுப்பு ஐஇபியையும் ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்துக்கு எட்டு முறை இதைச் செய்வான், அதைச் செய்வான் என்று வரிக்கு வரி அதே. வருடம் மட்டும் மாறியிருந்தது. கொலராடோவில் எண்ட்ரூ என்ற ஆட்டிசம் பையனின் பெற்றோர் இதே மாதிரித் திருப்பித் திருப்பி வந்த இலக்குகளுக்காகத்தான் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பெயருக்கு ஏதோ முன்னேற்றம் இருந்தால் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைமைக்குத் தகுந்த முன்னேற்றம் வேண்டும் என்று 2017இல் எல்லா நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த இரண்டு தாளையும் அடுத்த மீட்டிங்கில் மேசை நடுவில் வைத்தேன். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். சிறப்புக் கல்விக் கோப்பு கல்லூரி விண்ணப்பத்தோடு போவதில்லை. குடியுரிமை நிலையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் கதவை மூட முடியாது என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதுவும் டெக்சஸில் டைலர் என்ற ஊரிலிருந்து போன வழக்கில். பயத்தில் ஒரு வருடத்தை விட்டுவிடாதே அம்மா, நான் விட்டேன்.

வெளி மதிப்பீடு அவனுக்கு நாலரை வயதில் நடந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேறு புத்தகம், ஆனால் அதிலும் ஒரு குடை இருந்தது, நீல நிறம். "குடை" என்றான். அந்த அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்ட, மதிப்பீடு செய்தவர் எழுதிக்கொண்டார்.

மீட்டிங்குக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். பிள்ளையைப் பற்றித் தெரிந்த ஒருவரைப் பெற்றோர் தங்களோடு அழைத்துப்போகலாம், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. டல்லாஸ் பக்கம் என்றால் ஒரு சனிக்கிழமை வந்து உங்கள் பிள்ளையோடு விளையாடிப் பழகிவிட்டு, மீட்டிங் அன்றைக்கு லீவு போட்டு நானே கூட வந்து உட்காருகிறேன்.