ரெண்டாவது பார்ட் எடுத்தது வேற டைரக்டர்பா

மார்வெல் சூப்பர்ஹீரோ படம் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், அதோட ரெண்டாவது பார்ட்டும் முத பார்ட் டைரக்டரே தான், ஹாரர் அவருக்குப் புதுசு அதான் சொதப்பிட்டாருன்னு போட்டிருக்க நண்பா, அது தப்பு. 2016ல வந்தத எடுத்தது ஸ்காட் டெரிக்சன், 2022ல வந்தது சாம் ரைமி, அவரு 2002லயே ஸ்பைடர்மேன் எடுத்தவரு, அதுக்கு முன்னாடியே பேய்ப் படத்துல பேர் வாங்குனவரு.

ரெண்டாவது பார்ட்ட பெரம்பூர்ல ஃபர்ஸ்ட் வீக்கே பாத்தேன், வேற வேற உலகத்து ஸ்ட்ரேஞ்ச் ரெண்டு பேரும் பேப்பர்ல இருக்கற மியூசிக் நோட்ட உருவி எடுத்து ஒருத்தர் மேல ஒருத்தர் வீசிக்குவாங்க பாரு, ஒவ்வொரு அடியும் மியூசிக்காவே விழும், அப்டியே சீட் நுனிக்கு வந்துட்டேன். ஆனா வில்லியா வர்ற வாண்டா ஏன் இப்டி ஆனான்றத படத்துல வேகமா ஓட்டிட்டாங்க, அவ கதைய முன்னாடியே சொன்ன வாண்டாவிஷன் சீரிஸ் பாக்காத என் தம்பி இன்டர்வல்ல "இன்னாண்ணா, அந்தப் பொண்ணுக்கு இன்னா பிரச்சனை"ன்னு கேட்டான், எனக்கும் அது வருத்தம் தான். கதைய திட்டு, நியாயம் இருக்கு, ஆனா ரைமிக்கு ஹாரர் புதுசுன்னு மட்டும் சொல்லாத.